ஆலங்குடிக்குக் கிழக்கே

புதுக்கோட்டையிலிருந்து ஆலங்குடி வழியாகக் கீரமங்கலம் போகும் பேருந்தில் ஏறினால் சன்னலோரம் இடம் பிடிக்க வேண்டும். திருவரங்குளம் தாண்டும் வரை தைலமரமும் முந்திரியும் சீமைக் கருவையும் மாறி மாறி வரும். ஆலங்குடிக்கு அப்பால் மண் சிவந்து ஆழமாகிறது. தென்னை, பலா, வாழை, பூந்தோட்டம் என்று பச்சை நெருங்குகிறது. வைகாசி மாதம், பலாப்பழம் சாலையோரம் குவிந்து கிடக்கும் காலம். நான் பழத்தை விட்டுவிட்டு மரங்களின் உடலையே பார்த்துக்கொண்டு போனேன். வயதான பலா மரங்கள் பலவற்றில் அடிமரம் நேராக ஏறி, ஓரிடத்தில் சட்டென்று நின்றுவிடுகிறது. அங்கிருந்து இரண்டு மூன்று கிளைகள் பக்கவாட்டில் புறப்பட்டு மேல்நோக்கித் திரும்பியிருக்கின்றன. நின்ற இடத்தில் பட்டை தடித்து உள்நோக்கிச் சுருண்டிருக்கிறது. நடுவில் கறுத்த கட்டை. அந்த முறிவு எப்போது நேர்ந்தது என்று இந்தப் பக்கத்தில் யாரையும் கேட்க வேண்டியதில்லை. 2018 நவம்பர் 16, விடியலுக்கு முந்தைய இருட்டு.

கஜா புயல் அன்று நள்ளிரவுக்குப் பின் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்தது. காற்றின் வேகம் மணிக்கு 100 முதல் 120 கிலோமீட்டர். வேதாரண்யம், முத்துப்பேட்டை, பட்டுக்கோட்டை, பேராவூரணி என்று புரட்டிக்கொண்டே புதுக்கோட்டை மாவட்டத்துக்குள் வந்தது. கடற்கரைக்காரர்களுக்குப் புயலின் குணம் தெரியும். கடலைப் பார்க்காமலே வாழ்ந்துவிடக்கூடிய வடகாட்டிலும் கறம்பக்குடியிலும் இருந்தவர்களுக்கு அது செய்தியில் கேட்ட சங்கதி. ஐப்பசி மழையில் மண் இளகியிருந்தது. மரங்கள் இலை நிறைந்து நின்றன. புயலின் மையம் கடந்துபோகும் வழியில் காற்று ஒரு திசையில் அடித்துத் தணியும். பிறகு எதிர்த்திசையிலிருந்து திரும்ப அடிக்கும். முதல் அடியில் வேர் தளர்ந்தது இரண்டாம் அடியில் முறுக்கிக்கொண்டு ஒடிந்தது. பொழுது விடிந்தபோது தோப்புக்குள் போக வழியில்லை.

மாடித்தோட்டமோ கொல்லைத்தோட்டமோ புதிதாகத் தொடங்கியவர்கள் எல்லோரும் ஒருநாள் ஒரு கேள்வியோடு நிற்பார்கள்: தண்டு ஒடிந்துவிட்டது, இனி இந்தச் செடி பிழைக்குமா? மிளகாய்ச் செடியை அணில் சாய்த்திருக்கும், தக்காளியைக் காற்று மடக்கியிருக்கும், ஒட்டு மாங்கன்றை ஆடு கடித்திருக்கும். பாதிப் பேர் உடனே பிடுங்கி எறிகிறார்கள். மீதிப் பேர் தண்ணீரை ஊற்றி, உரத்தை அள்ளிப் போட்டு, நாலு நாளில் கொன்றுவிடுகிறார்கள். இந்த இரண்டுக்கும் நடுவே செய்யக்கூடியது ஏராளம். அதை லட்சக்கணக்கான மரங்களை வைத்துக் கற்றுக்கொண்ட ஊர்கள் ஆலங்குடிக்குக் கிழக்கே இருக்கின்றன. யாரும் விரும்பிப் படித்த பாடம் அல்ல. ஆனாலும் அங்கே போய்க் கேட்டுக்கொள்ளாமல் ஒடிந்த தண்டைப் பற்றி எழுத எனக்கு மனமில்லை.

வடகாட்டில் இறங்கினேன். மாங்காடு, அணவயல், புள்ளான்விடுதி என்று சுற்றியுள்ள ஊர்களும் பலா ஊர்கள்தான். சுளை மஞ்சளும் தேன் இனிப்பும் கொண்ட இந்தப் பக்கத்துப் பலா வெளியூர்ச் சந்தைகளுக்கு லாரி லாரியாகப் போகிறது. ஒரு தோப்பின் வரப்பில் நின்றுகொண்டிருந்த பெரியவர், நான் முறிந்த மரத்தை உற்றுப் பார்ப்பதைக் கண்டு தானாகவே பேச வந்தார். "விழுந்த மரத்த அன்னைக்கே வெட்டி வித்தவுகளும் இருக்காக தம்பி. பொறுத்துப் பாத்தவுகளும் இருக்காக. பொறுத்தவுகளுக்கு இன்னைக்கு காய் கெடக்கு" என்றார். வெட்டி விற்றவர்களை அவர் குறை சொல்லவில்லை. வீட்டுக் கூரையும் போய், மாடும் செத்து, கையில் காசில்லாத வாரம் அது. பலாக் கட்டைக்கு எப்போதும் வாங்க ஆள் உண்டு. மிருதங்கமும் வீணையும் கடைவது இந்த மரத்தில்தான். அந்த வாரத்தில் ஊர் முழுக்க ஒரே நேரத்தில் கட்டை விற்பனைக்கு வந்தால் என்ன விலை கிடைத்திருக்கும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

அவர் தோப்பில் மூன்று விதமான மரங்களைக் காட்டினார். ஒன்று, தலை மட்டும் முறிந்தது. பிசிறடித்து நின்ற முனையை வாளால் சீராக, மழைநீர் வழிந்தோடும்படி சரிவாக அறுத்துவிட்டார். அடிமரத்தில் பல இடங்களில் தளிர் வெடித்து வந்தது. எல்லாவற்றையும் வளரவிடாமல், உறுதியாகப் புறப்பட்ட சிலவற்றை மட்டும் விட்டு மற்றதைக் கிள்ளிவிட்டார். இரண்டாவது, பாதி சாய்ந்து, ஒரு பக்க வேர் மண்ணுக்குள் இருந்தது. அதை நிமிர்த்தவே இல்லை. சாய்ந்த நிலையிலேயே விட்டு, வெளியே தெரிந்த வேருக்கு மண் அணைத்து, பாரத்தைக் குறைக்கக் கிளைகளை நறுக்கினார். இன்று அந்த மரம் தரையோடு ஒட்டிப் படுத்திருக்கிறது. அதன் முதுகிலிருந்து நிமிர்ந்த கிளை ஒன்று புது மரமாகவே நிற்கிறது. மூன்றாவது, பொக்லைன் வைத்து நிமிர்த்திய மரம். அது ஒரு வருடம் இலை விட்டு, பிறகு காய்ந்துபோனது. பலாவின் ஆணிவேர் ஒருமுறை அறுந்தால், மேலே நிமிர்த்தியதால் மட்டும் கீழே ஒட்டிவிடாது.

பலாவுக்கு ஒரு பெரும் கொடுப்பினை உண்டு. அது நுனிக்கிளையில் காய்ப்பதில்லை. அடிமரத்திலும் பெருங்கிளைகளிலும் நேரடியாகக் காய் தொங்கும். தலை போன பலாவுக்கு அடிமரம் உயிரோடிருந்தால், பல ஆண்டு காத்துப் புதிய கிளைகள் முதிரும் வரை பொறுத்திருக்க வேண்டியதில்லை. பழைய உடம்பிலேயே காய் பிடிக்கும். ஆபத்து வேறு பக்கமிருந்து வருகிறது. தலைவிரித்த இலைக்கூட்டம் போனதும், அதுவரை நிழலிலேயே இருந்த பட்டை மீது வெயில் நேராக விழுகிறது. பட்டை வெந்து வெடிக்கும். வெடித்த இடத்தில் துளைப்பான் புழு நுழையும். அதற்குத்தான் அடிமரத்துக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். புயலுக்குப் பின் வந்த கோடையில் இந்தத் தோப்புகள் வெள்ளையடித்து நின்றதைப் பெரியவர் சொல்லக் கேட்டபோது, எனக்கு அந்த எளிய வேலையின் மீது மிகுந்த மரியாதை வந்தது. ஒரு மூட்டைச் சுண்ணாம்பு ஒரு தோப்பைக் காப்பாற்றியிருக்கிறது.

மரத்தண்டின் உயிர் எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் விளங்கிவிடும். பலா, மா, முருங்கை, மிளகாய், தக்காளி, கத்தரி எல்லாம் இருவித்திலைத் தாவரங்கள். இவற்றின் பட்டையை உரித்தால் அடியில் வழவழவென்று ஈரமாக ஒரு படலம் கைக்குத் தட்டுப்படும். அதுதான் கேம்பியம். அது வெளிப்பக்கமாகப் புளோயத்தையும் உட்பக்கமாகச் சைலத்தையும் உண்டாக்கிக்கொண்டே இருக்கிறது. இலை சமைத்த உணவு புளோயம் வழியாக வேருக்கு இறங்குகிறது. வேர் உறிஞ்சிய நீர் சைலம் வழியாக ஏறுகிறது. பெரிய மரத்தின் நடுக்கட்டை பெரும்பாலும் செத்த பொருள், முட்டுக்கொடுக்க மட்டும் உதவும். உயிர் முழுவதும் பட்டையின் அடியில் ஓடும் அந்த மெல்லிய படலத்தில். அதனால்தான் நடுவில் பொந்து விழுந்த மரம் நூறு வருடம் வாழ்கிறது, சுற்றிலும் பட்டை உரிந்த மரம் செத்துப்போகிறது. ஒடிந்த தண்டில் ஒரு பக்கப் பட்டையாவது அறாமல் ஒட்டியிருந்தால் அங்கே போக்குவரத்து நிற்கவில்லை என்று பொருள். இரண்டு பக்கக் கேம்பியமும் ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டு, காய்ந்துபோகாமல் இருந்தால், காயத் திசு பெருகி இடைவெளியை அடைத்து, புதிய குழாய்கள் இணைந்துவிடும். ஒட்டுக் கன்று தயாரிப்பதும் இந்த ஒரே உண்மையின் மேல்தான் நடக்கிறது. முறிந்த தண்டைச் சேர்த்துக் கட்டுகிறவர், தன் செடியைத் தன் வேரின் மேலேயே ஒட்டுக்கட்டுகிறார்.

தென்னைக்கு இந்த வழி கிடையாது. அது ஒருவித்திலைத் தாவரம். அதன் தண்டில் கேம்பியம் இல்லை. தேர்வடத்தின் புரிகளைப் போல ஆயிரக்கணக்கான நார்க்கற்றைகள் உள்ளே தனித்தனியே ஓடுகின்றன. அறுந்த கற்றை மீண்டும் முறுக்கேறாது. கிளை விடவும் தெரியாது. உச்சியில் இருக்கும் ஒரே குருத்துதான் அதன் முழு வாழ்க்கை. அந்தக் குருத்து முறுக்கிப்போனால் மரம் பல மாதம் பச்சையாக நின்று நம்பிக்கை காட்டும், பிறகு மட்டைகள் ஒவ்வொன்றாகத் தொங்கி, மொட்டையாகும். கஜாவில் விழாமல் நின்ற தென்னைகளிலும் பல இப்படிப் பிந்திச் செத்தன. தென்னை வைத்து ஆறேழு வருடம் காத்திருந்து காய் பார்த்தவர்களுக்கு, விழுந்த மரத்தைவிட இந்த நின்ற மரங்கள்தான் அதிகம் வலித்திருக்க வேண்டும். அரசு அறிவித்த நிவாரணம் மரத்துக்கு 600 ரூபாய், வெட்டி அகற்ற 500 ரூபாய். அகற்றியே ஆக வேண்டும் என்பதற்கு வேறு காரணமும் இருந்தது. அழுகும் தென்னைத் தண்டில் காண்டாமிருக வண்டு முட்டையிடும், காயம்பட்ட மரத்தின் வாசனைக்குச் சிவப்புக் கூன்வண்டு வரும். செத்த மரத்தைக் கிடக்கவிட்டால் பிழைத்த மரத்துக்கும் எமன். வேர் முக்கால்வாசி மண்ணுக்குள் இருக்க, குருத்து கெடாமல் சாய்ந்த இளந்தென்னைகள் மட்டுமே நிமிர்த்திக் கட்டப்பட்டுப் பிழைத்தன, அதுவும் உடனடியாகச் செய்தவர்களுக்கு.

உடனடியாகச் செய்தவர்களுக்கும் ஒரு தடை இருந்தது. அதை வெளியூர்க்காரர்கள் மறந்துவிடுகிறோம். மின்கம்பங்கள் சாய்ந்து மின்சாரம் வர வாரக்கணக்கானது. இந்தப் பக்கம் முழுக்க ஆழ்துளைக் கிணற்றுப் பாசனம். நிமிர்த்திய மரத்துக்கு ஊற்றத் தண்ணீர் நூற்றுக்கணக்கான அடி ஆழத்தில் இருக்கிறது, மோட்டார் ஓடவில்லை. ஜெனரேட்டர் வாடகைக்கு எடுக்க முடிந்தவர்கள் எடுத்தார்கள்.

வாழையைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. நாம் தண்டு என்று நினைப்பது இலையடிகள் ஒன்றையொன்று சுற்றிய உருளை. ஒடிந்தால் ஒட்டாது. கிழங்கு மண்ணுக்குள் இருப்பதால் ஒடிந்ததைத் தரையோடு அறுத்துவிட்டுப் பக்கக்கன்றைப் பேண வேண்டும். முருங்கை எதிர்முனை. ஒடிந்து விழுந்த கிளையையே போத்தாக ஊன்றினாலும் வேர் விடும். புதிதாகத் தொடங்குகிறவர் முதலில் முருங்கையை வளர்த்தால் தண்டு என்பதன் வீரியம் புரியும்.

வடகாட்டிலிருந்து கீரமங்கலம் போகும் வழியில் இன்னொரு தோட்டத்துக்கு அழைத்துப் போனார்கள். சிங்கப்பூரில் வேலை பார்த்துத் திரும்பிய இளைஞர் ஒருவர், புயலில் பாழான அப்பாவின் தோப்பில் ஒட்டுப் பலா நடத் தொடங்கியிருக்கிறார். விவசாயத்தில் அவருக்கு இது தொடக்கம். முந்தின நாள் மாலை ஆடு புகுந்து ஒரு கன்றை மடக்கிவிட்டது. முழங்கால் உயரத்தில் தண்டு பிளந்து, மேல்பாதி தரையில் தலைகுப்புறத் தொங்கியது. அவர் மண்வெட்டியோடு நின்றார். அவருடைய அப்பத்தா பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, "ஏ ராசா, புடுங்காத. பட்டை இன்னம் விடல பாரு" என்றார்.

அப்பத்தா அதற்கு முன்பே கொஞ்சம் வேலை பார்த்திருந்தார். ஒடிந்த உடனே ஈரத் துணியைச் சுற்றி, மேல்பாதி கனத்தில் மேலும் கிழியாமல் ஒரு கவைக் குச்சியில் தாங்கி வைத்திருந்தார். அந்த ஈரத்துணிதான் கன்றைக் காப்பாற்றியது. முறிவு காற்றுப்பட்டு உலர்ந்துவிட்டால் கேம்பியம் செத்துவிடும். பிறகு எவ்வளவு அழகாகக் கட்டினாலும் வெறும் கட்டைதான். மறுநாள் காலை வெயில் ஏறுமுன் கட்டினார்கள். நான் பார்த்ததை அப்படியே சொல்கிறேன். பிளவுக்குள் இருந்த மண்ணையும் பிசிரையும் விரலால் தட்டிவிட்டார்கள். தொங்கிய பாகத்தை மெல்ல உயர்த்தி, பட்டை பட்டையோடு பொருந்தும்படி அழுத்தினார்கள். சிறு பால் வடிந்தது. இளைஞர் பிடித்துக்கொள்ள, அப்பத்தா நனைத்த வாழைநாரை முறிவுக்குக் கீழிருந்து தொடங்கி மேலே வரை நெருக்கமாகச் சுற்றினார். இருபுறமும் மூங்கில் சிம்பு இரண்டு வைத்து, பழைய வேட்டிக் கிழிசலால் மறுபடி ஒரு கட்டு. பிறகு தண்டிலிருந்து சற்றுத் தள்ளி ஆழமாக ஒரு முட்டுக்குச்சி. முட்டுக்குச்சியில் கட்டும்போது மட்டும் கயிற்றை எட்டு வடிவில் தளர்வாகப் போட்டார்.

அந்தத் தளர்வு சும்மா வந்த வழக்கமல்ல. 1973இல் அமெரிக்கத் தாவரவியலாளர் மார்க் ஜாஃபி, தண்டைத் தினமும் சில நொடி தேய்த்தாலே செடி குட்டையாகவும் தடிமனாகவும் வளர்கிறது என்று காட்டினார். காற்றில் ஆடுவதைத் தண்டு உணர்ந்துகொண்டு கட்டையைச் சேர்க்கிறது. முறிவு அசையக் கூடாது, ஆனால் செடியின் மேல்பாகம் சற்றே ஆட வேண்டும். இறுகக் கட்டி அசையாமல் வளர்த்த செடி, குச்சியை எடுத்த அன்றே சாய்ந்துவிடும்.

பிறகு இலைகளில் பாதியைக் கிள்ளினார்கள். இளைஞருக்கு மனம் வரவில்லை. முறிந்த குழாய் வழியாகக் குறைந்த நீர்தான் மேலே போகும். அத்தனை இலையும் வெயிலில் நீரை விட்டுக்கொண்டிருந்தால் மேல்பாகம் வாடிவிடும். முழுவதும் கிள்ளினாலும் தப்பு, காயம் ஆறத் தேவையான உணவை இலைதான் சமைக்கிறது. தக்காளி மிளகாய் என்றால் பூவையும் பிஞ்சையும் எடுத்துவிட வேண்டும். கன்றுக்குத் தென்னங்கீற்றில் நிழல் போட்டார்கள். மண் ஈரமாக இருக்கும் அளவுக்குத் தண்ணீர், தேங்கும் அளவுக்கு அல்ல. யூரியா வேண்டாம். நான் இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்: காயம்பட்ட செடிக்கு உரம் மருந்தாகாது. மேலே மென்மையான கனத்த தளிரை விரைவாகத் தள்ளும், ஆறாத முறிவு அந்தக் கனத்தைத் தாங்காது. முறிவைத் தாண்டிப் புதுத் தளிர் வந்து நிலைத்த பிறகு மக்கிய எரு கொடுத்தால் போதும்.

ஒட்டுக் கன்றானதால் அங்கே இன்னொரு விஷயத்தையும் பார்க்க வேண்டியிருந்தது. முறிவு ஒட்டு முடிச்சுக்கு மேலே இருந்தது. அதனால் மேல்பாகம் பிழைக்காவிட்டாலும், முடிச்சுக்கு மேல் எஞ்சிய துண்டில் மொட்டு வெடித்தால் அதே ரகம் கிடைத்துவிடும். முடிச்சுக்குக் கீழே வேர்ச்செடியிலிருந்து வரும் தளிர் எவ்வளவு செழிப்பாக வந்தாலும் கிள்ளிவிட வேண்டும். புதியவர்கள் பலர் அந்தச் செழிப்பைக் கண்டு மகிழ்ந்து வளர்த்துவிட்டு, ஐந்தாறு வருடம் கழித்து வேறு ஏதோ பழம் காய்க்கும்போது நர்சரியைக் குறை சொல்கிறார்கள்.

முழுதாக இரண்டாக முறிந்த செடி வேறு கதை. பச்சைத்தண்டு என்றால் சுத்தமாக அறுத்துவிட்டு அடியிலிருந்து வருவதை எதிர்பார்க்கலாம். நுனி மொட்டு உண்டாக்கும் ஆக்சின் என்னும் வளர்ச்சி ஊக்கிதான் பக்க மொட்டுகளை உறங்க வைத்திருக்கிறது. 1930களில் திமான், ஸ்கூக் என்ற ஆய்வாளர்கள் அவரை இனச் செடியின் நுனியை வெட்டி, வெட்டிய இடத்தில் ஆக்சினை வைத்துப் பார்த்து இதை நிறுவினார்கள். நுனி போனதும் உறக்கம் கலைகிறது. வடகாட்டுப் பலாக்களின் அந்தத் திடீர்க் கிளைகள் எல்லாம் அப்படி விழித்தவை.

சாணியும் செம்மண்ணும் குழைத்து அப்பத்தா கட்டின் மேல் பூசினார். இதைப் பற்றி இரண்டு கட்சி உண்டு. சுரபாலரின் விருட்சாயுர்வேதம் என்ற பழைய நூல் முறிந்த மரத்துக்கு அத்திப்பட்டை முதலியவற்றை நெய், தேன், பாலோடு அரைத்துப் பூசி வைக்கோல் கயிற்றால் கட்டச் சொல்கிறது. நம் வேளாண்துறையினர் பெரிய வெட்டுக்கு போர்டோ பசை சொல்கிறார்கள்: ஒரு கிலோ மயில்துத்தம், ஒரு கிலோ சுண்ணாம்பு, பத்து லிட்டர் தண்ணீர். இதற்கு எதிராக, அமெரிக்க வனத்துறையில் வேலை பார்த்த அலெக்ஸ் ஷைகோ, ஆயிரக்கணக்கான மரங்களை நெடுக்காகப் பிளந்து பார்த்துவிட்டு, 1977இல் வெளியிட்ட ஆய்வில், மரம் காயத்தை ஆற்றுவதில்லை, காயம்பட்ட பகுதியைச் சுற்றித் தடுப்புச் சுவர் எழுப்பி உள்ளே அடைத்துவிட்டுப் புதிதாக வளர்கிறது என்று விளக்கினார். மேலே எதைப் பூசினாலும் அழுகலை நிறுத்தாது என்பது அவர் முடிவு. வடகாட்டு மரங்களைப் பார்த்தபின் எனக்கு ஷைகோ சொல்வதே சரி என்று படுகிறது. கறுத்த கட்டை அப்படியே இருக்கிறது, அதைச் சுற்றிலும்தான் பட்டை உருண்டு வருகிறது. அதற்காக அப்பத்தாவின் பூச்சு வீண் என்று சொல்லமாட்டேன். இளம் முறிவின் ஈரத்தை அது காக்கிறது. இந்த வெயிலில் அதுவே பெரிய காரியம். அடைமழைக் காலத்தில் தடித்த பூச்சு வேண்டாம், உள்ளே ஈரம் தேங்கிப் பூசணம் பிடிக்கும். மயில்துத்தப் பசை பெரிய மரத்தின் வெட்டுக்கு, பூசணமும் புழுவும் நுழையாமல் சில மாதம் காவல் இருக்கும் என்ற அளவில் நல்லது. தளிர்த்தண்டுக்கு அதைப் பூசக் கூடாது.

கீரமங்கலத்தில் நல்ல கூட்டம். மெய்நின்றநாதர் கோயில் முன்னே பெரிய சிவன் சிலையும் எதிரே நக்கீரரும். பூச்சந்தையில் மல்லிகை, முல்லை, சம்பங்கி மூட்டை மூட்டையாக ஏலம் போகிறது. மல்லிகைக்காரர்களுக்கு முறிவு புதிதல்ல. ஆண்டுதோறும் தாங்களே கவாத்து செய்து செடியை வெட்டி, வெட்டிய இடத்திலிருந்து பூவெடுக்கிறவர்கள். புயலுக்குப் பின் கையில் முதல் காசு கொடுத்தது பூச்செடிதான் என்று சந்தையில் ஒருவர் சொன்னார்.

பக்கத்தில் சேந்தன்குடி. 'மரம்' தங்கசாமியின் ஊர். பல்லாயிரம் மரங்களை நட்டுக் கற்பகச்சோலை என்று பெயர் வைத்து ஒரு காட்டையே வளர்த்தவர் அவர். கல்யாண வீடுகளுக்கும் காதுகுத்துக்கும் மரக்கன்றோடு போனவர். 2018 செப்டம்பரில் காலமானார். இரண்டு மாதத்தில் கஜா வந்தது. அவர் அதைப் பார்க்காமல் போனது நல்லதா என்று யோசித்து, இல்லை என்று நினைத்துக்கொண்டேன். அவர் இருந்திருந்தால் எந்த மரத்தை வெட்ட வேண்டும், எதை விட்டுவைக்க வேண்டும் என்று அந்த வாரமே ஊர் ஊராகப் போய்ச் சொல்லியிருப்பார். பக்கத்து நெடுவாசலில் 2017 பிப்ரவரியில் தொடங்கி ஹைட்ரோகார்பன் திட்டத்துக்கு எதிராக மாதக்கணக்கில் உட்கார்ந்து இந்த மண்ணைக் காத்தவர்கள் இந்த ஊர்க்காரர்கள். அடுத்த ஆண்டே அந்த மண்ணில் நின்றதெல்லாம் விழுந்தது. மரங்களைப் பற்றி இங்கே யாரும் சாதாரணமாகப் பேசுவதில்லை. வீட்டு மனிதரைப் பற்றிப் பேசும் குரலில் பேசுகிறார்கள்.

பண்ருட்டிப் பக்கம் 2011 டிசம்பர் 30இல் தானே புயல் பலாவையும் முந்திரியையும் இப்படித்தான் சாய்த்தது. ஏழு ஆண்டுகளில் கஜா. கிழக்குக் கரையில் மரம் வளர்க்கிறவருக்கு முறிவு என்பது எப்போதோ நேரும் விபத்தல்ல, திட்டத்தில் சேர்க்க வேண்டிய ஒன்று. வடகாட்டுப் பெரியவர் இப்போது ஐப்பசி பிறக்குமுன் மரத்தின் உட்கிளைகளைக் கழித்துவிடுகிறார். காற்று மோதி நிற்காமல் ஊடே புகுந்து போக வேண்டும் என்பதற்காக. புதுக் கன்றுகளைத் தென்னைக்கும் பலாவுக்கும் நடுவே கலந்து வைக்கிறார், ஒரே இனமாக அல்ல.

திரும்பும்போது அந்த இளைஞரின் தோட்டத்தில் மறுபடி இறங்கினேன். கன்றின் மேல்பாகம் வாடியிருந்தது. நுனிக்கொழுந்து மட்டும் நிமிர்ந்திருந்தது. முதல் சில நாட்களில் இலை சோர்வது இயல்பு, கொழுந்து கறுக்காதவரை பயமில்லை. இரண்டு மூன்று வாரத்தில் கட்டுக்கு மேலும் கீழும் தண்டு பருக்கத் தொடங்கும். அப்போது நாரைத் தளர்த்திக் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் கட்டே பட்டையை அறுத்துவிடும். ஆடிக்காற்று முடியும் வரை மூங்கில் சிம்பும் முட்டுக்குச்சியும் இருக்கட்டும் என்று அப்பத்தா சொல்லியிருக்கிறார். ஆவணியில் சிம்பை எடுத்து, ஐப்பசி மழைக்கு முன் முட்டுக்குச்சியையும் எடுத்துவிட்டு, தோட்டத்தைச் சுற்றி ஆடு புகாத வேலி போட வேண்டும். வேலிக்குக் கிளுவைப் போத்து ஊன்றலாமா, கம்பி போடலாமா என்று இளைஞர் என்னிடம் கேட்டார். கிளுவை என்றேன். அப்பத்தா அதற்குள் யாரிடம் போத்து கிடைக்கும் என்று சொல்லத் தொடங்கிவிட்டார்.